பன்னிரண்டு சாண் நீளம், ஏழு சாண் அகலம்

ஓமானில், சோஹாரில் ஒரு லேபர் கேம்பில் நான் ஆண் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கேம்ப் கிளினிக்கின் கதவைத் திறந்தால் உள்ளே ஒருவர் என் மேஜையை அளந்துகொண்டிருந்தார். கையில் டேப் இல்லை. கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து வைத்து, மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாண் போட்டுக்கொண்டே போனார். அடுத்து நோயாளி படுக்கும் கட்டில், மருந்து அலமாரி, கதவு. எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். மிகவும் மரியாதையான குரலில், இந்த அறை தேவைக்கு மேல் பெரியதாக இருக்கிறது என்றார்.

அடுத்த வாரமே ப்ளைவுட் தடுப்பு வந்தது. என் கிளினிக்கில் ஒரு பங்கு, பெயிண்ட் டப்பா அடுக்கும் ஸ்டோராகிவிட்டது. நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அன்று மதியம் அவரே ஒரு தட்டில் சோறும் பருப்பும், டின்னில் வந்த பலாக்காயில் வைத்த கறியும் மூடி எடுத்து வந்தார். புது ஆளுக்கு மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, கொஞ்ச நாளைக்கு இதைச் சாப்பிடுங்கள் என்றார். அந்த மாதம் முழுவதும் கொண்டுவந்தார். அவர் மதியத்துக்கு மேல் எதுவும் சாப்பிடாதவர் என்பதும், எனக்கு வந்தது அவருடைய பங்கிலிருந்துதான் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் போடுபவர். இலங்கையில் பதுளைப் பக்கத்துச் சிங்களவர். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பதுபோல. கேம்பில் அவருக்குச் சாமி சார் என்று பெயர். சின்ன வயதிலேயே மொட்டையடித்து மடத்தில் விட்டுவிட்டார்கள். இருபது வயதுக்கு மேல் காவியைக் கழற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறார். ஏன் வந்தார் என்று அவர் சொன்னதில்லை. எங்கள் குளச்சல் பக்கத்தில் சர்ச்சுச் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர்களிடம் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை.

மடத்தை விட்டு வந்த பிறகு, காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய பௌத்த மடங்களை அளந்து வரைபடம் போடும் கூட்டத்தில் சேர்ந்து பல வருஷம் கயிறு பிடித்திருக்கிறார். அந்தக் காலத்தைப் பற்றி மட்டும் கேட்காமலேயே பேசுவார். பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று ஆரம்பித்தால், மடத்தின் நடுவிலிருக்கும் பொதுக் கட்டடம், நான்கு மூலையிலும் அறைகள், குளிக்கும் இடம், சாப்பிடும் கூடம், நடந்து தியானம் செய்யும் பாதை என்று எல்லாவற்றையும் என் மேஜைமேல் மாத்திரை அட்டைகளை வைத்துக் கட்டிவிடுவார். எதுவும் கண் மதிப்பில் கட்டியதில்லை, ஒன்றின் அளவிலிருந்து மற்றொன்று பிறக்கும் என்பார். புதருக்குள் ஒரே ஒரு கல்தூண் கிடைத்தால் போதுமாம். சுவர் எங்கே ஓடியிருக்கும், வாசல் எங்கே இருந்திருக்கும் என்று அதை வைத்தே சொல்லிவிடலாமாம்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிதாக இருந்தது ஒரு விதி. ஒரு பிக்கு தனக்கென்று, பிறரிடம் யாசித்த பொருளில் குடில் கட்டிக்கொண்டால், அது உள் அளவில் பன்னிரண்டு சாண் நீளம், ஏழு சாண் அகலம்தான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் குற்றம்.

"சின்னக் குத்தம் இல்ல தம்பி. சங்கத்துக்கு முன்னால ஒத்துக்கிட்டு, தண்டனை முடியிற வரைக்கும் ஒதுங்கி இருக்கணும். ஒரு மனுஷனுக்கு எவ்வளவு இடம் போதும்னு அப்பவே அளந்து வெச்சுட்டாங்க பாருங்க."

அவர் அதைச் சொல்லிக்கொண்டு மட்டும் திரிந்தவர் அல்ல. அவர் கிரேடுக்கு டவுனில் ஃப்ளாட் உண்டு, போய்வர வண்டி உண்டு. வேண்டாமென்று கேம்பிலேயே ஒரு தகரக் கேபினைத் தடுத்து, பன்னிரண்டுக்கு ஏழு சாணில் தனக்கு அறை அமைத்துக்கொண்டார். ஒரு பாய், ஒரு கொடி, அதில் இரண்டு சட்டை. நான் உள்ளே போனால் பாயைச் சுருட்டி வைத்தால்தான் இருவரும் கால் நீட்டி உட்கார முடியும். ஆனால் அங்கே ஒரு அமைதி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் காரணமே இல்லாமல் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயிண்டர் ஒருவருக்கு அம்மை போட்டபோது அவருடைய ரூம்காரர்களே கிட்டப் போகப் பயந்தார்கள். சாமி சார்தான் ஆபீஸ் முடிந்ததும் வந்து துணி துவைத்துப் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதிய கேபின்களைக் கிரேனில் இறக்கும் நாளில், இறக்கும் இடத்தில் எறும்பு ஊர்ந்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். காகிதத்தில் ஏந்தி எறும்பை அப்பால் கொண்டுபோய் விடும் வரை கேபின் அந்தரத்தில் தொங்கும். பாகிஸ்தானி கிரேன் டிரைவர் மேலேயிருந்து, யல்லா சாமி பாய், ஜல்தி என்று அவசரப்படுத்தித் தலையில் அடித்துக்கொள்வார். நாங்களும் சிரித்துக்கொண்டு நிற்போம்.

கம்பெனிக்கு இரண்டாவது கான்ட்ராக்ட் கிடைத்ததும் ஊரிலிருந்து புதிதாக ஆட்கள் வரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கேம்ப் நிலம் அதேதான். ரூமுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரை வைக்க முடியுமா என்று மேனேஜர் இவரிடம் கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் முடியும் சார் என்றோ, கஷ்டம் சார் என்றோ சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் சில நாள் உட்கார்ந்து யோசித்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கட்டில்கள் மூன்று அடுக்காகியிருந்தன. நடுவில் நடக்கும் வழி இரண்டு சாண். வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் வண்டி போய்க்கொண்டிருந்த பாதையில் இன்னொரு வரிசை கேபின் முளைத்திருந்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நடுவில் மெஸ், நான்கு பக்கமும் ரூம்கள், தள்ளிக் குளியலறை. மாத்திரை அட்டைகளால் அவர் எனக்குக் காட்டிய மடம்தான் அது.

மேல்கட்டிலில் படுப்பவன் எப்படி எழுந்து உட்காருவான் என்று கேட்டேன்.

"பிக்கு தன் அறைக்குள்ள என்னென்ன செய்றார்? படுக்கிறார், உட்கார்றார், நடக்கிறார், படிக்கிறார், தியானம் பண்றார். நம்ம ஆளுங்க ரூமுக்குள்ள என்ன செய்றாங்க? தூங்குறாங்க. மத்ததெல்லாம் கழிச்சிட்டேன்."

மேலிடத்தைக் குளிர வைக்க அவர் இதைச் செய்யவில்லை. அவருக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. இடம் குறைந்தால் ஆசை குறையும், ஆசை குறைந்தால் மனிதன் நிம்மதியாக இருப்பான் என்று அவர் முழுமனதாக நம்பினார். அந்த இடிந்த மடங்களைப் போல நிம்மதியான இடத்தைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று அடிக்கடி சொல்வார். அங்கே வாழ்ந்தவர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

புதிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நிறைய. முதல் வெள்ளிக்கிழமையே முறையீடு வந்துவிட்டது. மெஸ்ஸில் எல்லோரையும் உட்கார வைத்துச் சாமி சார் பொறுமையாகக் கேட்டார். திரும்பிப் படுத்தால் தோள்பட்டை மேல்கட்டிலில் இடிக்கிறது என்றார்கள். வழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். அவர் அந்தப் பழைய பிக்குகளின் கதையைச் சொன்னார். இதைவிடக் குறைந்த வசதியில் ஆயிரம் வருஷம் வாழ்ந்தார்கள் என்றார்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த தங்கராசு என்ற கான்கிரீட் மேசன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். கேலி எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவங்கள்லாம் வேலைக்குப் போயி சிமெண்டு சொமந்தாங்களா சார்?"

இல்லை என்றார் சாமி சார். தங்கராசு சரிங்க சார் என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்தது. அன்று கிளினிக்கைத் தாண்டிப் போகும்போது சாமி சார் என்னிடம், பழகிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார்.

பழகவும் செய்தார்கள். வேறு என்ன செய்வது?

ஆகஸ்டில் சோஹார் கடற்கரை ஈரத்துணியால் மூக்கை மூடியதுபோல இருக்கும். பகல் வெயிலில் கான்கிரீட் போட முடியாது என்று மேசன்களுக்கு நைட் டூட்டி. அவர்கள் தூங்குவது பகலில். பாதையில் முளைத்த அந்த நடுவரிசையில்தான் அவர்களுக்கு ரூம். பழைய வரிசை ஏசிகளின் பின்பக்கம் எல்லாம் நடுவரிசை ஜன்னல்களை நேராகப் பார்த்து அனலைக் கக்கும். அதனால் அந்த ஜன்னல்களை யாரும் திறப்பதே இல்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் பகலில் நடுவரிசையின் கரண்ட் போய்விட்டது. பழைய வரிசைக்கு வேறு லைன், அங்கே ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரூமில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மெஸ் நிழலுக்குப் போய்ப் படுத்திருக்கிறார்கள். மேல்கட்டிலில் இருந்த தங்கராசு அசந்து தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கிளினிக்குக்கு ஓடிவந்தார்.

"பிரதர், தங்கராசு எந்திரிக்க மாட்டேங்கிறான். ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது."

நான் போனபோது உயிர் இருந்தது. வேர்வையே இல்லை, தோல் காய்ந்து சுட்டது. குறட்டை மாதிரி மூச்சு. உடனே இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் அவர் தகரக் கூரைக்கு ஒரு முழத்துக்குக் கீழே கிடந்தார். அந்த இடைவழிக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியவில்லை. ஒருவர் நடுக்கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கைகளால் மேலே தாங்க, நான் காலைப் பிடித்து இழுக்க, அவர் என் தோளில் மொத்தமாக வந்து விழுந்தார். என் தலை எதிர்க்கட்டில் இரும்பில் மோதியது. போர்வையில் போட்டுத்தான் வெளியே எடுத்தோம்.

கம்பெனி ஆம்புலன்ஸ் வந்து வரிசையின் முனையில் நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. ஏசித் தண்ணீர் சொட்டும் அந்தச் சந்தில், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் யாரோ எதிரே வந்து தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டார்கள். சாமி சார். தாங்கியபடியே பின்புறமாக நடந்தார். இரண்டு பக்கச் சுவரிலும் அவருடைய முழங்கைகள் உரசி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் தங்கராசு போய்விட்டார். ஆம்புலன்ஸில் அவர் தலை சாமி சாரின் மடியில் இருந்தது.

தூக்கத்தில் மாரடைப்பு என்று இறப்புச் சான்றிதழ் வந்தது. உடல் ஊருக்குப் போனது. கேம்பில் ஒருநாள் வேலைக்குப் போகமாட்டோம் என்று சிலர் உட்கார்ந்தார்கள். மறுநாள் எல்லோரும் பஸ் ஏறினார்கள்.

சாமி சார் மேனேஜரிடம் போய், இந்தச் சாவுக்கு என் வரைபடம்தான் காரணம், அப்படியே எழுதுங்கள், நடுவரிசையைத் தூக்குங்கள் என்று கேட்டிருக்கிறார். வரைந்தது நீதானே என்று மேனேஜர் கேட்டாராம். ஆமாம், அதனால்தான் எனக்குத் தெரியும் என்றாராம். கலாஸ், அது முடிந்த கதை, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் பையன்கள் வழியாகத்தான் எனக்கு இது வந்தது.  அவர் பத்துப் பதினைந்து நாள் என் பக்கமே வரவில்லை. ஒரு காலையில் வந்து, நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கைப் புண்கள் சீழ் பிடித்திருந்தன. துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பேச ஆரம்பித்தார்.

"அந்த விதிய நான் உங்களுக்கு முழுசாச் சொல்லல தம்பி. குடில் கட்டுற எடத்துல எந்த உயிருக்கும் கெடுதல் வரக்கூடாது. சுத்திலும் எடம் விடணும். மாடு பூட்டின வண்டி ஒண்ணு குடிலச் சுத்தி வர்ற அளவுக்கு விடணும். மத்த பிக்குங்க வந்து அந்த எடத்தப் பார்த்துச் சரின்னு சொல்லணும். பெறகுதான் அளவே வருது."

நான் அடுத்த பஞ்சை மருந்தில் நனைத்தேன்.

"எறும்புக்குப் பார்த்தேன்" என்றார்.

கட்டுப் போட்டு முடித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. தன் வலது கையை விரித்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கு. அந்தச் சாண் யாரோட சாண்னு எழுதியிருக்கு. புத்தரோட சாண். நம்மள மாதிரி ஆளோட சாண்ல அது மூணு சாண்னு உரையில தெளிவா இருக்கு. சிலபேர், இல்ல, அது சாதாரணச் சாண்தான்னு சொல்வாங்க. ரெண்டும் எனக்குத் தெரியும். மடத்துல மனப்பாடமாப் படிச்சேன். நான் சின்னத எடுத்துக்கிட்டேன். எனக்குன்னு எடுத்துக்கிட்டது சரி. அவங்களுக்கும் அதையே எடுத்தேன். யாருகிட்டயும் கேக்கல."

வேண்டுமென்று செய்ததில்லையே சார் என்றேன்.  அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மெஸ்ஸுக்கு முன்னாலிருந்த மண் திடலில் அவர் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். பல் தேய்த்துக்கொண்டே ஆட்கள் கூடினார்கள். நீண்ட சதுரம். புத்தரின் சாணில் பன்னிரண்டுக்கு ஏழு: ஒரு பக்கம் இருபத்தேழு அடி, மறுபக்கம் ஏறக்குறைய பதினாறு அடி. வாசலுக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து, இது ஒரு ஆளுடைய அறை என்றார்.

யாருக்கும் புரியவில்லை. தங்கராசுவின் ரூம்காரர்கள் மட்டும், ஏன் என்று தெரியாமலே, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளி வழியாக உள்ளே போய் நின்றார்கள். பதினொரு பேர். ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நின்றார்கள். ஒருவர் கையை நீட்டிப் பார்த்தார். இன்னொருவர் குந்தி உட்கார்ந்தார், பிறகு படுத்தார். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாமி சார் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ஒவ்வொருவரிடமும் உன் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். அவர்களோடு ஒரே கேம்பில் ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்தும் அதுவரை அவர் அதைக் கேட்டதில்லை.

செக்யூரிட்டி வந்து தண்ணீர் ஊற்றிக் கோட்டை அழித்துவிட்டுப் போனார்.

அந்த மாதமே, அடுத்த கேம்புக்கு வரைபடம் போடச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஆளுக்கு இவ்வளவு இடம், சுற்றிலும் வண்டி போக வழி, இருந்தால் வரைகிறேன் என்றாராம். விசாவை கேன்சல் செய்தார்கள். புதிதாக வந்த டிராஃப்ட்ஸ்மேனுக்கு யோசிக்க வேலையே இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த பழைய வரைபடத்தைத் திறந்து, நிலத்தின் அளவை மட்டும் மாற்றினான்.

ஏர்போர்ட் வண்டி வரும்வரை சாமி சார் என் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். கொடியில் கிடந்த இரண்டு சட்டையும் ஒரு பையில் அடங்கிவிட்டன. தங்கராசுவைச் சீக்கிரம் வெளியே எடுக்க வழி இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். மூன்றாவது முறையாகக் கேட்கிறார். முதல் இரண்டு முறையும் சொல்ல முடியாது சார் என்றிருந்தேன். அன்று, பிழைத்திருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார். நன்றி சொல்வது போலத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து நான் துபாய்க்கு மாறினேன். அல் கூஸில் ஒரு லேபர் கேம்பில் அதே வேலை. முதல் நாள் கேம்ப் சூப்பர்வைசர் என்னைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். நடுவில் மெஸ், நான்கு பக்கமும் ரூம்கள், தள்ளிக் குளியலறை. ஒரு ரூமின் கதவைத் திறந்தார். மூன்று அடுக்குக் கட்டில். நடுவில் இரண்டு சாண் வழி. மேல்கட்டிலில் படுத்திருந்த ஒருவர் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். இது ஸ்டாண்டர்ட் லேஅவுட், இப்போது நிறைய இடத்தில் இப்படித்தான் போடுகிறார்கள் என்றார் சூப்பர்வைசர்.

வெளியே வந்து, வரிசையின் முனையில் நின்று பதுளைக்குப் போன் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று முறை போட்ட பிறகு எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். என் வீட்டாரை ஒவ்வொருவராக விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி,

"அந்த கேம்ப் இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

சோஹாரில் வேலை முடிந்து, நான் அங்கிருந்து கிளம்புமுன்பே அந்த கேம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கேபின்கள் லாரியில் ஏறியதை நானே பார்த்தேன்.

"இல்ல சார்" என்றேன். "இடிச்சிட்டாங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"ஒரு வரிசைகூட மிச்சமில்லையா?"

"இல்ல சார். எல்லாம் வெறும் மண்ணு."

நல்லது என்றார். ரொம்ப நல்லது தம்பி என்றார். அவர் போனை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக என்னை உரசிக்கொண்டு அந்தச் சந்துக்குள் போனார்கள்.